தகரப்புனலுக்கு முன்னால்: எல்கரின் முதல் தட்டுகள்

எட்வர்ட் எல்கரின் முகத்தை நான் முதன்முதலில் பார்த்தது ஒரு நோட்டின் பின்பக்கத்தில். இங்கிலாந்தின் இருபது பவுண்டு நோட்டு. 1999இல் வெளிவந்து 2010 ஜூனோடு செல்லாமல் போனது. அதற்குப் பிறகு ஒருநாள் மத்தியானம் பெரியவர் ஒருவர் அதைக் கவுண்டரில் நீட்டினார். எப்போதோ யாரோ கொண்டுவந்து கொடுத்ததாம். பீரோவில் துணிக்கடியில் கிடந்திருக்கிறது. நாங்கள் வாங்குவதற்கில்லை என்று சொல்லித் திருப்பிக் கொடுப்பதற்கு முன் ஒரு நிமிஷம் வைத்துப் பார்த்தேன். ஒரு தேவாலயத்தின் முகப்பு. பக்கத்தில் தடித்த மீசையோடு ஒரு மனிதர். பென்ஷன் வாங்க வந்த ராணுவ மேஜர் என்றே சொல்லிவிடலாம். பேரைப் படித்தபின்தான் ஆள் யாரென்று தெரிந்தது. பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் சங்கீதக்காரர் என்று அவரைப்பற்றி ஒரு வரி எனக்குக் கல்லூரியிலேயே தெரியும். அந்த ஒரு வரி போதும் என்றுதான் பல வருஷங்கள் இருந்தேன்.

இந்தக் கட்டுரை அவருடைய சிம்பனிகளைப் பற்றியதல்ல. 1914க்கும் 1925க்கும் இடையில், பதிவுக்கூடத்துக்குள் மைக்ரோபோன் வருவதற்கு முன், தகரப்புனலுக்கு முன்னால் ஆர்கெஸ்ட்ராவை நிறுத்தி அவரே நடத்திப் பதிவு செய்த தட்டுகளைப் பற்றியது. இவற்றைக் குறுந்தகட்டில் இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பெரிய படைப்புகளில் பல, தட்டில் வெட்டுப்பட்டே ஏறியிருக்கின்றன. வெட்டியவர் கம்பெனி மேனேஜர் அல்ல, எல்கரே. இதைச் சொன்னதும் நம் நண்பர் ஒருவர், 'அப்ப அந்த ஆளும் சமரசம்தான்' என்று ஒரே வார்த்தையில் விஷயத்தை முடித்துவிட்டார். நம் வட்டத்தில் இந்தச் சமரசம் என்ற சொல்லை எல்லோரும் ஒரு கூழாங்கல்லைப் போல பையில் போட்டுக்கொண்டு அலைகிறோம். யார் மேலாவது எறிய எப்போதும் தயாராக. நானும் எறிந்திருக்கிறேன். இந்தத் தட்டுகளைக் கேட்டபின் அந்தச் சொல்லை எங்கே வைப்பது என்று எனக்குக் குழப்பமாக இருக்கிறது. அந்தக் குழப்பத்தைத்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்த அறை. சுவரிலிருந்து ஒரு புனல் நீட்டிக்கொண்டிருக்கும். புனலின் மறுமுனையில் மெல்லிய தகடு; தகட்டோடு சேர்ந்த ஊசி, சுழலும் மெழுகுத் தட்டில் கோடு கிழிக்கும். மின்சாரம் எதுவும் இல்லை. வாசிப்பவர்கள் எழுப்பும் காற்றதிர்வே ஊசியை நகர்த்தியாக வேண்டும். ஆகவே எல்லோரும் புனலை நெருங்கி, ஒருவர் மேல் ஒருவர் இடிக்காத குறையாக உட்கார வேண்டும். மேடையில் எழுபது எண்பது பேர் வாசிப்பதை இங்கே கையளவு ஆட்கள் வாசிப்பார்கள். ஆழ்ந்த ஒலிகளைப் புனல் பிடிக்காது. டபிள் பாஸின் வரிகளை ட்யூபா ஊதும். வயலினின் நாதம் புனலை எட்டாமல் பாதியில் விழுந்துவிடும் என்று, மரப்பெட்டிக்குப் பதிலாக உலோகக் குழாய் பொருத்திய ஸ்ட்ரோ வயலின்களைச் சில கூடங்களில் பயன்படுத்தினார்கள். பெரிய முரசுகளுக்கு அநேகமாக வேலை இல்லை. பன்னிரண்டு அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் நாலு நாலரை நிமிஷம் அடங்கும். ஒருவர் தப்பு செய்தால் எல்லோரும் முதலிலிருந்து. சரியாக வந்ததா என்று ஓட்டிப் பார்த்தால் அந்த மெழுகு அதோடு கெட்டது.

இந்த அறைக்கு வெளிநாட்டு மேதைகள் பலர் எல்கருக்கு முன்பே வந்துபோனவர்கள்தான். பிராம்ஸ் 1889இல் வியன்னாவில் எடிசனின் உருளையில் சில நொடிகள் பியானோ வாசித்தார். கிரீக் 1903இல் பாரீஸில் வாசித்தார். அடுத்த வருஷம் அதே ஊரில் மேரி கார்டன் பாட, டெபுஸ்ஸி பக்கவாத்தியமாக பியானோ வாசித்தார். ஆனால் அவையெல்லாம் பொருட்காட்சிக்குப் போய் ராட்டினத்தில் ஒருமுறை ஏறிப் பார்த்ததுபோல. தன் படைப்புகளைத் தட்டில் ஏற்றுவதை வருஷக்கணக்காக, ஒரு வேலையாகச் செய்த முதல் பெரிய படைப்பாளி எல்கர்தான். 1914 ஜனவரி 21ஆம் தேதி கிராமபோன் கம்பெனிக்காக 'கரீஸிமா' என்ற சின்னத் துண்டோடு தொடங்கினார். அது எந்த மேடையிலும் வாசிக்கப்படுவதற்கு முன்பே தட்டில் ஏறிவிட்டது. அப்போது அவருக்கு 56 வயது. 'ஸர்' பட்டம் வாங்கிப் பத்து வருஷம் ஆகியிருந்தது. முதல் சிம்பனி 1908 டிசம்பரில் மான்செஸ்டரில் அரங்கேறி, ஒரு வருஷத்துக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலுமாக நூறு தடவை வாசிக்கப்பட்டிருந்தது. தகரப்புனல் முன்னால் போய் நிற்க வேண்டிய நிர்ப்பந்தம் அவருக்கு இல்லை. கௌரவம் பார்க்கிறவர்கள் நின்றிருக்க மாட்டார்கள்.

அவர் ஏன் நின்றார் என்பதற்கு எனக்குக் கிடைக்கும் பதில் அவருடைய பெருமையில் இல்லை. பழைய வறுமையில் இருக்கிறது.

1857இல் வூஸ்டர் பக்கத்தில் பிராட்ஹீத் என்ற கிராமத்தில் பிறந்தவர். அப்பா பியானோவுக்குச் சுருதி கூட்டுகிறவர். வூஸ்டரில் சங்கீத சாமான்கள் விற்கும் கடை. கத்தோலிக்கக் குடும்பம், அந்த நாட்டில் அந்தக் காலத்தில் அது ஒரு படி கீழே. பதினைந்து வயதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. ஜெர்மனிக்குப் போய் லைப்ஸிக்கில் படிக்க ஆசை, பணமில்லை. ஒரு வக்கீல் ஆபீஸில் குமாஸ்தாவாக ஏறத்தாழ ஒரு வருஷம். (இந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்றுதான் படித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.) பிறகு வயலின் சொல்லிக்கொடுத்தார், சர்ச்சில் ஆர்கன் வாசித்தார், கடையிலிருந்த சங்கீதப் பிரதிகளைப் பார்த்துத் தானாகக் கற்றுக்கொண்டார். தம்பியும் நண்பர்களுமாக ஊதுவாத்தியக் குழு ஒன்று வைத்தார்கள். அந்த மாதிரிக் குழுவில் ஒரு ஹார்ன் இருக்க வேண்டும் என்பது சம்பிரதாயம். இவர்களிடம் ஹார்ன் இல்லை. புல்லாங்குழல்காரர் ஒருவர் அதிகம். ஆகவே எல்கர் ஹார்ன் இல்லாமல், இரண்டு புல்லாங்குழலுக்கு எழுதினார். பஸ்ஸூன் வாசிக்க ஆளில்லை. தானே கற்றுக்கொண்டு வாசித்தார்.

இதைவிட முக்கியம் பவிக். 1879லிருந்து ஐந்து வருஷம், பவிக் என்ற ஊரிலிருந்த மாவட்ட மனநோய் விடுதியில் பாண்டு மாஸ்டராக இருந்தார். நோயாளிகளின் நடனத்துக்கு அங்கே வேலை செய்கிறவர்கள் வாசிப்பார்கள். பிக்கோலோ, புல்லாங்குழல், கிளாரினெட், இரண்டு கார்னெட், யூஃபோனியம், பாம்பர்டன், கிடைத்த வயலின்கள், ஒரு பியானோ. எந்தக் கன்சர்வேட்டரியிலும் இப்படி ஒரு கூட்டணிக்கு எழுதச் சொல்லித்தர மாட்டார்கள். இதற்காக எல்கர் போல்காவும் குவாட்ரிலும் எழுதினார். இன்றைக்கு அவருடைய ஆர்கெஸ்ட்ரா எழுத்தின் நுட்பத்தைப் பற்றிப் பேசாத விமர்சகர் இல்லை. ஒவ்வொரு வாத்தியத்திலும் எது ஏறும், எது ஏறாது என்பதை அவர் அங்கேதான் கற்றிருக்க வேண்டும்.

முப்பது வருஷம் கழித்து, பட்டம் பதவியெல்லாம் வந்தபின், ஒரு குறுகிய அறையில் டபிள் பாஸுக்குப் பதிலாக ட்யூபாவோடு நின்றபோது அது அவருக்கு அவமானமாகப் பட்டிருக்காது. பவிக்குக்குத் திரும்பியதாகவே பட்டிருக்கும். இருக்கிற ஆளை வைத்து, இருக்கிற நேரத்துக்குள். நாம் கலையைப் பற்றிப் பேசும்போது முதலில் ஒரு முழுமையான படைப்பை மனசில் நிறுத்துகிறோம். பிறகு சந்தை, பத்திரிகை, தொழில்நுட்பம் எல்லாம் வந்து அதைக் குறைப்பதாகப் பார்க்கிறோம். எல்கரைப் போல ஆரம்பித்தவனுக்கு இந்த வரிசை தலைகீழ். முதலில் இருந்தது குறைதான். முழுமை வெகுநாள் கழித்து, நாற்பது வயதுக்குமேல் வந்தது. இந்தப் பத்திரிகைக்கு எழுதும் நமக்கு இது புரியாமல் போகக் கூடாது. பாரக் கணக்கு பார்த்துத்தானே ஆசிரியர் நம் கட்டுரைகளைக் கேட்கிறார்? நாலரை நிமிஷத் தட்டு நம்மிடமும் ஒன்று இருக்கிறது. நாம் அதைக் கொள்கை என்று சொல்லிக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

இனி வயலின் கன்செர்ட்டோ. 1910 நவம்பரில் கிரைஸ்லர் வாசித்து அரங்கேறியது. முழுசாக வாசித்தால் ஐம்பது நிமிஷத்துக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. ஏட்டின் தலைப்பில் ஸ்பானிஷ் மொழியில் ஒரு வாசகம்: யாரோ ஒருவருடைய ஆன்மா இதற்குள் அடைபட்டிருப்பதாக. அந்த யாரோவின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து புள்ளிகள். அது எந்தப் பெண் என்று இங்கிலாந்தில் இன்னும் துப்பறிகிறார்கள். அந்த ஆராய்ச்சியில் எனக்கு ருசியில்லை. 1916 டிசம்பரில், யுத்தத்தின் நடுவில், மேரி ஹால் வாசிக்க எல்கர் இதைத் தட்டில் ஏற்றினார். மேரி ஹால் சிறுமியாக இருந்தபோது எல்கரிடமே சில நாள் வயலின் கற்றவர். பின்னால் வான் வில்லியம்ஸ் தன் 'லார்க் அஸெண்டிங்'கைக் காணிக்கையாக்கியது இவருக்குத்தான். தட்டுகள் இரண்டு, பக்கங்கள் நாலு. அதாவது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம் மிஞ்சியது.

கடைசிப் பகுதியில் ஒரு விசேஷமான கட்டம் உண்டு. எல்லாம் முடியப்போகிறது என்று நாம் நினைக்கும் நேரத்தில் ஆர்கெஸ்ட்ரா அடங்கிவிடும். தந்தி வாத்தியக்காரர்கள் வில்லை விட்டுவிட்டு விரல்களால் தந்திகளை மெல்ல வருடி ஒரு ரீங்காரத்தை எழுப்ப, தனி வயலின் முன்பு வந்துபோன ஸ்வரக்கோவைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கும். வித்தை காட்டும் இடமான கடென்ஸாவை எல்கர் இங்கே ஞாபகத்தின் இடமாக மாற்றிவிட்டார். பிரச்னை என்னவென்றால் அந்த ரீங்காரம் தகரப்புனலுக்குக் கேட்காது. எல்கர் என்ன செய்தார்? ஏட்டில் இல்லாத ஹார்ப் ஒன்றைத் தட்டுக்காகவே புதிதாக எழுதிச் சேர்த்தார்.

அந்த ஹார்ப்பைக் கேட்ட முதல் தடவை நான் கொஞ்சம் ஏமாற்றத்தோடுதான் கேட்டேன். முழுக் கன்செர்ட்டோ காதில் இருந்தது. ரீங்காரத்துக்குப் பதில் கோத்த மணிகள் போல் தனித்தனியாக விழும் ஒலி. மூன்றாவது நாலாவது தடவைக்குப் பிறகு அது வேறொன்றாகக் கேட்கத் தொடங்கியது. சரசரப்புக்கு நடுவில் மேரி ஹாலின் மெலிந்த வயலின். அதைச் சுற்றி ஹார்ப் மட்டும். மேடையில் எண்பது பேருக்கு நடுவில் ஒருத்தி நினைவில் ஆழ்வது ஒன்று. இங்கே அறையில் அவள் அநேகமாகத் தனியாக இருக்கிறாள். இது குறைத்தல் அல்ல. எழுதியவனே அந்த அறைக்கென்று மறுபடி எழுதியது. சமரசம் என்ற கூழாங்கல் இந்த இடத்தில் என் கையிலிருந்து நழுவியது.

ஆனால் இதோடு நிறுத்திக்கொண்டால் நான் பொய் சொன்னவனாவேன். ஹார்ப்பைச் சேர்த்த அதே கை, அதே கட்டத்தைக் கெடுத்தும் இருக்கிறது. முழுப் படைப்பில் கடென்ஸா வரும்போது நமக்குப் பின்னால் முக்கால் மணி நேரம் இருக்கிறது. தனி வயலின் எடுத்துப் பார்க்கும் ஒவ்வொன்றும் நாம் அதோடு சேர்ந்து கடந்துவந்தது. தட்டில் நமக்குப் பின்னால் இருப்பது சில நிமிஷங்கள். நடக்காத ஒன்றை எப்படி நினைத்துப் பார்ப்பது? சோகம் இருக்கிறது, சோகத்துக்குக் காரணம் வெட்டுப்பட்டுவிட்டது. அந்தக் காலத்தில் இந்தத் தட்டை வாங்கி வீட்டில் கேட்டவர்களில் முழுக் கன்செர்ட்டோவை மேடையில் கேட்டிருந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! மற்றவர்களுக்கு இது உருக்கமான ஒரு துண்டு மட்டுமே. எல்கருக்கு இது தெரியாமலா இருக்கும்? தெரிந்தும் செய்தார். வாத்தியத்தை மாற்றலாம், வாசிப்பவர்களின் எண்ணிக்கையை மாற்றலாம், ஆனால் காலத்தை வெட்ட முடியாது என்பதுதான் இந்த நாலு பக்கங்களிலிருந்து எனக்குக் கிடைத்தது. கவிதையிலும் நாவலிலும் சுருக்கத்தைக் கொண்டாடும் நண்பர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

வாசிப்பு முறை பற்றியும் சொல்ல வேண்டும். இந்தத் தட்டுகளைப் புதிதாகக் கேட்கிறவர்கள் முதலில் திடுக்கிடுவது அங்கேதான். வயலின்கள் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதில்லை, வழுக்கிக்கொண்டு போகின்றன. நமக்கு ஜாரு என்றால் புரியும். ஐரோப்பியர்கள் பின்னால் இதை மலிவான உணர்ச்சி என்று ஒதுக்கி, வெகு சுத்தமாக வாசிக்கக் கற்றுக்கொண்டார்கள். எல்கரின் ஆட்கள் வழுக்குகிறார்கள், எல்கர் தடுக்கவில்லை. காலப்பிரமாணமும் நிலையாக இல்லை. ஏட்டில் எதுவும் போடாத இடத்தில் முன்னால் பாய்கிறார், சட்டென்று இழுத்துப் பிடிக்கிறார். 'எனிக்மா' வேரியேஷன்களில் நிம்ரோத் என்ற பகுதியை இப்போது இங்கிலாந்தில் யுத்தத்தில் செத்தவர்களுக்கான அஞ்சலியில் வாசிக்கிறார்கள். ஆகவே அது வருஷத்துக்கு வருஷம் மெதுவாகிக்கொண்டே போகிறது. 1982இல் பெர்ன்ஸ்டைன் அதை ஐந்து நிமிஷத்துக்கும் மேல் இழுத்தார். எல்கரே 1926இல் மைக்ரோபோன் முன்னால் நடத்தியது ஏறத்தாழ மூன்று நிமிஷம். அது ஒப்பாரியே அல்ல, நண்பர் ஒருவரின் பேச்சு. நிம்ரோத் என்பது நொவெல்லோ பதிப்பகத்தில் வேலை பார்த்த யேகர் என்ற நண்பர். எழுதியபோது அவர் உயிரோடு இருந்தார்.

தட்டில் இடம் போதாததால்தான் இந்த அவசரம் என்று சமாதானம் சொல்கிறவர்கள் உண்டு. ஓரளவு உண்மை. ஆனால் 1927 பிப்ரவரியில் ராயல் ஆல்பர்ட் ஹாலில் நடந்த 'ஜெராண்டியஸ்' கச்சேரியின் சில பகுதிகள் நேரடியாகப் பதிவாகியிருக்கின்றன. அங்கே எல்கரை அவசரப்படுத்தத் தட்டு இல்லை, கேட்கிறவர்கள்தான் இருந்தார்கள். அங்கும் அதே நிலைகொள்ளாமை. அது அந்த மனிதரின் நாடி. நோட்டில் பார்த்த மேஜரின் முகத்துக்கும் இந்த நாடிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

சாம்ராஜ்ய விஷயத்தைத் தவிர்த்துவிட்டுப் போனால் நியாயமில்லை. அவர் மனைவி ஆலிஸ் பிறந்தது குஜராத்தின் பூஜில். ஆலிஸின் அப்பா கம்பெனிப் பட்டாளத்தில் பெரிய அதிகாரி. 1857 எழுச்சியை அடக்கிய தளபதிகளில் ஒருவர், 1858இல் கோட்டாவைப் பிடித்தவர். கடைக்காரர் மகனுக்கு அந்த வீட்டுப் பெண் வாழ்க்கைப்பட்டதை ஆலிஸின் உறவினர்கள் ரசிக்கவில்லை. 1911 டில்லி தர்பாரைக் கொண்டாட லண்டன் கொலீஸியத்தில் 1912 மார்ச்சில் 'கிரௌன் ஆஃப் இந்தியா' என்ற காட்சிநாடகம் நடந்தது. கல்கத்தாவும் டில்லியும் பெண் வேஷத்தில் வந்து யார் தலைநகர் என்று சண்டை போடும். இந்தக் கண்றாவிக்குச் சங்கீதம் எல்கர். புது வீடு வாங்கிய கடன் இருந்தது. 1930இல் இதிலிருந்து சில துண்டுகளைத் தட்டிலும் ஏற்றினார். நான் கேட்டேன். அதில் வரும் இந்தியா எந்த வரைபடத்திலும் இல்லாதது. நாம் கோபப்பட வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை, சலிப்பாக இருந்தது.

'பாம்ப் அண்ட் சர்க்கம்ஸ்டன்ஸ்' முதல் அணிவகுப்பு வேறு மாதிரி. அதன் நடு மெட்டுக்கு 1902இல் வார்த்தைகள் போட்டு அதை ஒரு தேசத்தின் மார்தட்டலாக ஆக்கிவிட்டார்கள். ஆனால் 1914இல் தகரப்புனல் வழியாக வந்த தட்டில் அதைக் கேட்டுப் பாருங்கள். முரசின் இடி இல்லை, கீழே ட்யூபா புஸ்புஸ் என்று ஊதிக்கொண்டு வருகிறது. மாவட்டத் தலைநகர் பார்க் ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாசிக்கும் பாண்டு. சாம்ராஜ்யம் பவிக் அளவுக்குச் சுருங்கிவிட்டது. எனக்கு அந்த அணிவகுப்பு பிடித்திருந்தது இந்த ஒரு தட்டில்தான்.

இதே புனல் நம் நாட்டுக்கும் வந்தது என்பதை மறக்க வேண்டாம். கிராமபோன் கம்பெனியின் ஃப்ரெட் கெய்ஸ்பர்க் 1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜானைப் பதிவு செய்தார். மணிக்கணக்கில் விரியும் கயாலை மூன்று நிமிஷத்துக்குள் சுருக்கி, முடிவில் தன் பெயரையும் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போனார் அந்த அம்மாள். யாரும் அவரை சமரசம் என்று சொல்லத் துணியவில்லை என்று நினைக்கிறேன். அவர் முன்னால் நின்று சொல்லும் தைரியம் எவருக்கு இருந்திருக்கும்! முப்பது வருஷம் கழித்து, 1932 ஜூலையில், அதே கெய்ஸ்பர்க்தான் பதினாறு வயது மெனுஹினையும் எழுபத்தைந்து வயது எல்கரையும் லண்டன் ஆபி ரோடு ஸ்டூடியோவில் சேர்த்துவைத்து வயலின் கன்செர்ட்டோவை வெட்டில்லாமல் ஆறு தட்டுகளில் பதிவு செய்தார். அதைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். மகத்தான வாசிப்பு. ரீங்காரம் ரீங்காரமாகவே கேட்கிறது, ஹார்ப் இல்லை. கேட்கும்போது எனக்கு அந்த ஹார்ப்பின் ஞாபகம் வருவதை மட்டும் தவிர்க்க முடியவில்லை.

அதற்குள் எல்கர் எழுதுவதை ஏறக்குறைய விட்டிருந்தார். ஆலிஸ் 1920 ஏப்ரலில் செத்துப்போனார். அதன்பின் பெரிய படைப்பு எதையும் அவர் முடிக்கவில்லை. குதிரைப் பந்தயம், நாய்கள், மைக்ராஸ்கோப். வருகிறவர்களுக்குத் தட்டு போட்டுக் காட்டுவார். 1934 ஜனவரி 22ஆம் தேதி வூஸ்டர் வீட்டில் படுக்கையில் கிடந்தபடி, டெலிபோன் கம்பி மூலம் லண்டன் ஸ்டூடியோவில் நடந்த பதிவைக் கேட்டுத் திருத்தங்கள் சொன்னார். ஒரு மாதம் கழித்து, பிப்ரவரி 23இல் இறந்தார். புனலை விட்டு அவர் கடைசிவரை விலகவில்லை என்று சொல்லத் தோன்றுகிறது, ஆனால் அப்போது புனல் இல்லை.

நான் திரும்பத் திரும்பப் போடுவது இவற்றில் எதையும் அல்ல. பீட்ரிஸ் ஹாரிஸன் வாசித்த செல்லோ கன்செர்ட்டோ. 1919 அக்டோபர் 27ஆம் தேதி லண்டனில் இது அரங்கேறிய லட்சணம் தெரிந்ததுதான். நிகழ்ச்சியின் மற்ற உருப்படிகளை நடத்தியவர் ஒத்திகை நேரத்தை விழுங்கிவிட்டார், ஆர்கெஸ்ட்ரா தடுமாறியது, சபை பாதி காலி. இரண்டு மாதம்கூட ஆகவில்லை, டிசம்பரில் எல்கர் இந்தப் புதுப் பெண்ணோடு புனலுக்கு முன்னால் போய் நின்றார். மேடை கைவிட்டதைத் தட்டு காப்பாற்றும் என்று நினைத்தாரோ என்னவோ. இதிலும் வெட்டு, நாலு பக்கங்கள். ஒரு பகுதி 1919 டிசம்பரில் பதிவானது. மீதி 1920 நவம்பரில். நடுவில் ஆலிஸின் மரணம்.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு கெட்ட ஆசை வந்தது. எந்தப் பக்கம் எப்போது பதிவானது என்ற விவரத்தைப் பார்க்காமல், நாலையும் கேட்டு, மரணத்துக்கு முன் எது, பின் எது என்று காதாலேயே கண்டுபிடித்துவிட வேண்டும். விமர்சகன் என்று சொல்லிக்கொள்கிறவனுக்கு இதுகூட முடியாதா? ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்தேன். ஒரு பக்கத்தில் செல்லோ ஒரு ஸ்வரத்திலிருந்து இறங்க மனசில்லாமல் நிற்கும் இடம் இருக்கிறது. அங்கே எல்கர் ஆர்கெஸ்ட்ராவைக் காத்திருக்க வைக்கிறார், ரொம்ப நேரம். இது பின்னால்தான் என்று நிச்சயமாகக் குறித்தேன். இன்னொரு பக்கத்தின் பாய்ச்சலை முன்னால் என்று குறித்தேன்.

பிறகு தேதிகளைப் பார்த்தேன். தப்பு. வாழ்க்கையைத் தெரிந்துகொண்டு சங்கீதத்தைக் கேட்டால் வரும் தப்பு. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன்.

1928இல் இதே இருவரும் மைக்ரோபோன் முன்னால் இதை முழுசாக வாசித்தார்கள். சரசரப்பு குறைவு, எதுவும் வெட்டில்லை, டபிள் பாஸ் டபிள் பாஸாகவே கேட்கிறது. அதுவும் என்னிடம் இருக்கிறது. ராத்திரி கேட்கப் போகும்போது அதைத்தான் எடுக்கிறேன். எடுத்துவிட்டு, பாதி தடவை, பழையதைப் போடுகிறேன்.